ஊர் ஒழுங்கை மக்கள் எவ்வளவு கடைப்பிடிக்கிறார்கள் என்று அளப்பது எப்படி: களத்தில் செய்து பார்த்த முழு வழிகாட்டி

"நீங்கள் சமூக ஒழுங்குகளைப் பின்பற்றுகிறவரா?" என்று ஒரு கேள்வியை எழுதி, 100 பிரதி எடுத்து, ஆம் என்ற பெட்டியில் சரி போட்டு வாங்கிக்கொண்டு வந்து, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பின்பற்றுகிறார்கள் என்று அறிக்கை எழுதும் பிள்ளைகளை மட்டக்களப்பில் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அந்தக் கேள்விக்கு இல்லை என்று யார் சொல்வார்? வீட்டு வாசலில் ஒரு கொப்பியோடு வந்து நிற்கும் படித்த பிள்ளைக்கு முன்னால் யாரும் தன்னை ஒழுங்கில்லாதவர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்.

ஒரு ஒழுங்கைக் கடைப்பிடிப்பதால் ஆளுக்குச் சின்னதாகவாவது ஒரு நட்டம் இருக்க வேண்டும். அந்த நட்டத்தைத் தாங்கிக்கொண்டு கடைப்பிடிக்கிறாரா என்று பார்ப்பதுதான் அளவு. மற்றக் கேள்விகள் எல்லாம் அதற்குத் துணை. அதனால் வேலையின் வரிசையும் இதுதான்: முதலில் செய்கை, பிறகு மற்றவர்களைப் பற்றி அவர் நினைப்பது, கடைசியில் சொந்த அபிப்பிராயம். இந்த வரிசையை மாற்றினால் பின்னால் எந்தக் கணக்காலும் திருத்த முடியாது.

1. போவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

நீங்கள் படிக்கும் இடத்தின் ஆய்வு ஒழுக்கக் குழுவின் அனுமதி, கிராம சேவகருக்கு ஒரு கடிதம், கோயில் நிர்வாகத்துக்கோ பள்ளிவாசல் நிர்வாகத்துக்கோ நேரில் ஒரு சொல். கடிதத்தில் "கிராமத்தின் ஒழுக்க நிலையை ஆராய்தல்" என்று எழுதிவிடாதீர்கள். அது ஊரைக் குறை சொல்ல வந்த மாதிரி இருக்கும். "ஆட்கள் எப்படி முடிவு எடுக்கிறார்கள் என்று அறிதல்" என்றால் போதும், அது பொய்யும் இல்லை.

பொருட்கள்: மூடியுள்ள இரண்டு நிறப் பிளாஸ்டிக் கோப்பைகள், ஒரே அளவான புளியங்கொட்டை, துண்டுத் துணி, கடித உறைகள், இலக்கம் எழுதிய சீட்டுகள். 6ஆம் பகுதியில் வரும் சோதனையில் ஆட்கள் உழைக்கும் காசை அங்கேயே கொடுக்க வேண்டி வரும், அந்தக் காசு கட்டாயம் சில்லறையாக இருக்க வேண்டும். 215 ரூபா கொடுக்க வேண்டிய இடத்தில் "200ஐ வைத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று சொன்னால் உங்கள் பேச்சுக்கு மதிப்பில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும், பக்கத்து வீட்டுக்கும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 40 பேருக்குத் திட்டமிட்டால், ஆளுக்கு அதிகபட்சம் 300 ரூபா என்று 12,000 ரூபாவை ஒதுக்கி வையுங்கள். மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கும் எதிர்பார்ப்புக் கேள்விகளுக்கான (7ஆம் பகுதி) மேலதிகக் காசு அதற்கு வெளியே.

நாள் பார்ப்பதும் இதில் சேரும். மாரிப்போக அறுவடைக் காலத்தில் படுவான்கரைக்கு, அதாவது வாவிக்கு மேற்கே உள்ள வயல் ஊர்களுக்குப் போனால் ஆண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். நோன்பு மாதத்தில் காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ, வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களிலோ அளந்தால், வருடத்தின் மற்ற நாட்களைவிட ஆட்கள் ஒழுங்கில் கூடுதல் கவனமாக இருக்கும் நாளை அளந்தவராவீர்கள்.

2. ஒரே ஒரு ஒழுங்கை எடுத்து ஒரு வரியில் எழுதுங்கள்

"ஒழுக்கம்", "கட்டுப்பாடு" என்று பரந்து எடுத்தால் அளக்க எதுவும் கையில் அகப்படாது. யார், எங்கே, எப்போது, என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் ஒரு வரிக்குள் வர வேண்டும். எடுத்துக்காட்டு: "தனியார் மருந்து நிலையத்துக்குள் வரும் ஆட்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வர வேண்டும்." இதை எண்ண முடியும்.

எழுதிய பிறகு அது என்ன வகை என்று பாருங்கள். கல்முனை வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவர் தலைக்கவசம் போட்டிருப்பார், உள்ளே சின்ன வீதிக்குள் திரும்பியதும் அது கைபிடியில் தொங்கும். அங்கே நீங்கள் அளப்பது பொலிஸ் நிற்கும் இடத்தை. நியூயோர்க்கில் வெளிநாட்டு இராஜதந்திரிகளின் வாகனத் தரிப்புத் தண்டச் சீட்டுகளை ரேமண்ட் பிஸ்மன், எட்வர்ட் மிகுவெல் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்ததன் பெறுமதியே இதில்தான்: அவர்களுக்கு விலக்குரிமை இருந்ததால் தண்டம் கட்டத் தேவையில்லை, ஆகவே தண்டனைப் பயத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க முடிந்தது. 2002 நவம்பரில் நகர நிர்வாகம் வாகன இலக்கத் தகட்டைப் பறிக்கத் தொடங்கியதும் கட்டப்படாத தண்டங்கள் மளமளவென்று குறைந்தன. உங்கள் ஒழுங்கிலும் தண்டனை தனி, ஒழுங்கின் மேலுள்ள மதிப்புத் தனி.

வெறும் பழக்கமும் வேண்டாம். மழைக்குக் குடை பிடிப்பது நனையாமல் இருக்க, ஊர் எதிர்பார்க்கிறது என்பதற்காக இல்லை. எல்லோரும் நூற்றுக்கு நூறு செய்வதையும் விடுங்கள். கோயிலுக்குள் செருப்போடு போகிறவரைத் தேடினால் ஒருவரும் கிடைக்க மாட்டார். ஆளுக்கு ஆள் வித்தியாசம் இல்லாத இடத்தில் அளவு என்று ஒன்று இல்லை.

3. "விதி" என்ற சொல்லைத் தூக்கி எறியுங்கள்

இது சின்ன விசயம் மாதிரி இருக்கும், ஆனால் நான் கண்ட பிழைகளில் இதுதான் அதிகம். பாடப்புத்தகத் தமிழில் விதி என்றால் ஒழுங்கு, வீட்டுத் தமிழில் தலையெழுத்து. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு மாணவி "நீங்கள் விதிகளை எவ்வளவு தூரம் ஏற்றுக்கொள்கிறீர்கள்?" என்று ஒரு வயதான அம்மாவிடம் கேட்டாள். அம்மா வெற்றிலையை வாயின் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு, "விதிய ஆரால மாத்தேலும் புள்ள, எழுதினபடிதான் எல்லாம் நடக்கும்" என்றார். மாணவி "முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்" என்ற பெட்டியில் சரி போட்டாள். அந்த அம்மா எதையெல்லாம் இழந்துவிட்டு அந்தப் பதிலைச் சொன்னார் என்பது எங்கள் தாளில் எந்தப் பெட்டியிலும் இல்லை.

"ஒழுங்கு", "முறை", "இங்கே இப்படித்தான் செய்ய வேணும் என்று இருக்கிறது" ஆகியவை நன்றாக வேலை செய்கின்றன. "ஊர்க் கட்டுப்பாடு" என்பதில் தண்டனை வாசம் அடிக்கும், அதனால் கவனம். கேள்விகளைத் தமிழில் எழுதிய பின், அதை எழுதாத ஒருவரிடம் கொடுத்து, "இது என்ன கேட்கிறது, உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஐந்து பேரிடம் கேட்டாலே போதும், உடைந்த இடம் தெரிந்துவிடும்.

4. அது உண்மையிலேயே ஊர் ஒழுங்குதானா என்று முன்னோட்டம் பாருங்கள்

பிறகு அளக்கப்போகும் ஆட்களை விட்டுவிட்டு, வேறு 15 பேரிடம் இரண்டு விசயம் கேளுங்கள். ஒன்று, மற்றவர்கள் இதைச் செய்கிறார்களா? மற்றது, நீங்கள் இதைச் செய்ய வேண்டும் என்று மற்றவர்கள் நினைக்கிறார்களா? கிறிஸ்டினா பிக்கியேரி என்ற மெய்யியலாளர் வைத்த பிரிப்பு இது. இரண்டுக்கும் ஆம் என்று வந்து, அந்த எதிர்பார்ப்பு இல்லாவிட்டால் ஆளும் செய்ய மாட்டார் என்றால் மட்டுமே அது சமூக ஒழுங்கு. "யாரும் செய்யாவிட்டாலும் நான் செய்வேன்" என்று பெரும்பாலானோர் சொன்னால் அது சொந்த நம்பிக்கை, அதற்கு வேறு ஆய்வு வேண்டும்.

"மற்றவர்கள்" யார் என்பதையும் இங்கேயே கண்டுபிடியுங்கள். ஒருவருக்கு அது தன் ஊர், இன்னொருவருக்குத் தன் தாய்வழிக் குடி, ஒரு இளைஞனுக்குத் தன் கூட்டாளிகள் ஐந்து பேர். கேள்வியில் அந்தச் சொல்லை வெளிப்படையாக வைக்காவிட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கூட்டத்தை மனதில் வைத்துப் பதில் சொல்வார்கள், நீங்கள் அதையெல்லாம் ஒரே நிரலில் போடுவீர்கள்.

5. பேசாமல் எண்ணுங்கள்

ஊருக்குள் கேள்வியோடு போகும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். ஒருவரிடம் பேசிவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும், அதற்குப் பிறகு பார்க்கும் நடத்தை உங்களுக்குக் காட்டும் நடத்தை. பொது இடத்தில் மட்டும் எண்ணுங்கள், கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள், படம் எடுக்க வேண்டாம்.

கடைப்பிடித்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு வருவது வழக்கமான பிழை. சந்தர்ப்பம் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கீழே போகும் எண். செருப்பு இல்லாமலே வந்தவர் கணக்கில் இல்லை. கைக்குழந்தையோடு வந்தவரைத் தனியாகக் குறியுங்கள், குனிவது அவருக்குக் கூடுதல் சிரமம். ஒரு காலை மட்டும் கழற்றிவிட்டு எட்டி மருந்துத் துண்டைக் கொடுப்பவர் இருப்பார், கால்மிதியில் செருப்போடு நின்றுகொண்டே பேசுகிறவர் இருப்பார். இவர்களை எங்கே போடுவது என்று முதல் நாளே எழுதி வையுங்கள், அந்த இடத்தில் நின்று முடிவு எடுக்காதீர்கள்.

இரண்டு பேர், ஒருவர் தாளை ஒருவர் பாராமல், ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். பிறகு ஒப்பிடுங்கள். 100 பேரில் இருவரும் "கழற்றினார்" என்று எழுதியது 70, இருவரும் "கழற்றவில்லை" என்று எழுதியது 20, மாறி மாறி எழுதியது 5ம் 5ம் என்று வைப்போம். ஒத்துப்போனது 0.90. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் ஓரளவு ஒத்துப்போகும். இருவரும் தனித்தனியே 75 பேருக்குக் கழற்றினார் என்று போட்டிருப்பதால் அந்தத் தற்செயல் ஒப்பு 0.75 × 0.75 + 0.25 × 0.25 = 0.625. இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு ஒப்பைக் காட்டும் கோஹன் கப்பா என்ற எண் (0.90 − 0.625) ÷ (1 − 0.625), அதாவது 0.73. இது பரவாயில்லை. 0.6க்குக் கீழே வந்தால் எண்ணுகிறவர்களைக் குறை சொல்லாதீர்கள், உங்கள் ஒரு வரி ஒழுங்கு தெளிவாக இல்லை.

இடம் எப்படி இருக்கிறது என்பதையும் குறியுங்கள். வாசலில் ஏற்கனவே பத்துச் சோடி செருப்பு கிடந்தால் வருகிறவர் யோசிக்காமல் கழற்றுவார், ஒன்றும் இல்லையென்றால் தயங்குவார். குப்பை கிடக்கும் இடத்தில் ஆட்கள் கூடுதலாகக் குப்பை போடுகிறார்கள் என்று றொபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரின் குழு 1990 இல் காட்டியதும் இந்த விசயத்தையே.

6. புளியங்கொட்டைச் சோதனை

எண்ணுவதில் ஒரு குறை உண்டு. ஒழுங்கோடு ஆளுக்கு ஆயிரம் வேறு காரணங்கள் ஒட்டியிருக்கும். செருப்பு புதிதாக இருக்கலாம், முழங்கால் வலி இருக்கலாம். அதனால் எந்தக் காரணமும் இல்லாத, வெறும் ஒழுங்கு மட்டும் இருக்கிற ஒரு நிலையைச் செயற்கையாக உண்டாக்க வேண்டும். எரிக் கிம்ப்ரோ, அலெக்சாண்டர் வொஸ்ட்ரொக்னுடொவ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதற்கு, திரையில் நடந்துபோகும் ஓர் உருவம் சிவப்பு விளக்கில் நிற்கிறதா என்று பார்க்கும் முறையை 2016 இலும், பந்துகளை இரண்டு வாளிகளில் போடும் எளிய முறையை 2018 இலும் வெளியிட்டார்கள். இரண்டாவதைக் கணினி இல்லாமல் புளியங்கொட்டையால் செய்யலாம்.

வாசிக்க வேண்டியது இவ்வளவுதான், ஒரு சொல் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்: "இந்தப் பையில் 30 புளியங்கொட்டை இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து நீலக் கோப்பையிலோ மஞ்சள் கோப்பையிலோ போடுங்கள். நீலத்தில் போடும் ஒவ்வொன்றுக்கும் 5 ரூபா, மஞ்சளில் போடும் ஒவ்வொன்றுக்கும் 10 ரூபா உங்களுக்குக் கிடைக்கும். ஒழுங்கு என்னவென்றால், கொட்டைகளை நீலக் கோப்பையில் போட வேண்டும்."

எல்லாவற்றையும் நீலத்தில் போட்டால் 150 ரூபா, மஞ்சளில் போட்டால் 300. ஆக, ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் ஒவ்வொரு கொட்டைக்கும் அவர் தன் கையிலிருந்து 5 ரூபாவை விடுகிறார். அதுதான் அளவுகோல்.

"ஏன் நீலத்தில் போட வேணும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். "ஒழுங்கு அப்படித்தான் இருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் சொன்னால் அந்தக் காரணம் அவருக்குப் பிடித்ததா என்பதை அளந்துவிடுவீர்கள். "நீங்கள் விரும்பியபடி செய்யலாம்" என்று இரக்கத்தில் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு, அந்த ஆளின் தாளை அப்படியே ஒதுக்கி வைக்க வேண்டியதுதான்.

காசுக் கணக்கு விளங்கியதா என்று மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: "20 கொட்டையை நீலத்திலும் 10 கொட்டையை மஞ்சளிலும் போட்டால் எவ்வளவு?" 200 என்று வந்தால் தொடரலாம். இல்லாவிட்டால் திரும்ப விளக்குங்கள்.

இனி மறைவு. இதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. எங்கள் பக்கம் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் "சேர்", "மிஸ்". சேர் பார்த்துக்கொண்டிருந்தால் 30ம் நீலத்தில்தான் விழும். ஆகவே இப்படிச் செய்யுங்கள்: ஆள் தானே ஒரு பைக்குள் கையை விட்டு இலக்கச் சீட்டு எடுப்பார். நீங்கள் வெளியே விறாந்தையில், முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பீர்கள். அவர் மூடியில் வெட்டிய துளை வழியாகக் கொட்டையைப் போட்டுவிட்டு இரண்டு கோப்பையையும் இலக்கத்தையும் ஒரு பைக்குள் வைத்துக் கட்டுவார். வேறொரு வீட்டில் இருக்கும் உதவியாளர் எண்ணி, காசை உறையில் போட்டு இலக்கம் எழுதி அனுப்புவார். எண்ணுகிறவருக்கு முகம் தெரியாது, முகம் தெரிந்த உங்களுக்கு எண்ணிக்கை தெரியாது. இதை முதலிலேயே அவருக்கு விளக்குங்கள். மறைவு இருந்தால் மட்டும் போதாது, மறைவு இருக்கிறதென்று அவர் நம்ப வேண்டும்.

கோப்பையின் அடியில் அந்தத் துணியைப் போட மறக்காதீர்கள். முதல் தடவை நாங்கள் போடவில்லை. உள்ளே ஒரு ஐயா கொட்டையைப் போடப் போட, நீலக் கோப்பை பெரியது என்பதால் அதன் சத்தம் வேறு, மஞ்சளின் சத்தம் வேறு என்று விறாந்தையில் எனக்கு நன்றாகவே கேட்டது. ஏழாவது கொட்டையில் அவர் நிறுத்தினார், கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார், அதற்குப் பிறகு எல்லாம் ஒரே சத்தம்தான். அன்றைக்கு எடுத்த தாள்கள் எல்லாவற்றையும் கழித்துவிட்டோம்.

நிறமும் சும்மா இல்லை. இங்கே நிறம் என்றாலே "இது எந்தக் கட்சி?" என்ற கேள்வி வரும். பாதிப் பேருக்கு ஒழுங்கு நீலம், மற்றப் பாதிக்கு மஞ்சள் என்று மாற்றி, காசையும் அதற்கேற்ப மாற்றி வையுங்கள், நிறப் பிரியம் இரண்டு பக்கமும் சமமாகப் போய்விடும். கோப்பைகள் ஒரே அளவாக இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாகக் கொஞ்சம் புளியங்கொட்டை கொடுத்து முற்றத்தில் விளையாட விடுங்கள், இல்லாவிட்டால் யன்னலில் நிற்பார்கள்.

7. மற்றவர்களைப் பற்றிக் கேளுங்கள், சரியான பதிலுக்குக் காசு கொடுங்கள்

கொட்டை போட்டு முடிந்தவுடன், காசு உறை வரும் முன்பு இதைச் செய்யுங்கள். முன்னால் கேட்டால் "மற்றவர்கள் என்ன செய்வார்கள்" என்ற நினைப்பே அவர் கையைத் திருப்பிவிடும்.

முதல் கேள்வி: "இந்த ஊரில் உங்களைப் போல 10 பேர் இதைச் செய்தால், எத்தனை பேர் எல்லாக் கொட்டையையும் ஒழுங்கின்படி போடுவார்கள்?" உண்மை எண்ணிக்கைக்கு ஒன்று கூடக்குறைய வந்தாலும் 50 ரூபா மேலதிகம். ஊரில் எல்லோரும் முடித்த பிறகே சரி பிழை தெரியும் என்பதால், இந்தக் காசு பிறகு வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, தகுமா தகாதா என்பது. எரின் குருப்கா, றொபர்டோ வெபர் என்ற பொருளியலாளர்கள் 2013 இல் வெளியிட்ட முறை இதற்குப் பொருத்தம். ஒருவர் எல்லாக் கொட்டையையும் அதிகக் காசு தரும் கோப்பையில் போட்டார் என்று சொல்லி, அது மிகவும் தகாதது, ஓரளவு தகாதது, ஓரளவு தகும், மிகவும் தகும் என்ற நான்கில் ஒன்றைக் கேட்பீர்கள். ஆனால் அவருடைய சொந்த எண்ணத்தை அல்ல. ஊரில் அதிகம் பேர் தெரிவு செய்யும் பதில் எதுவோ அதைச் சொன்னால் காசு. அதனால் அவர் நல்ல பிள்ளையாகத் தன்னைக் காட்ட வேண்டிய அவசியம் போய், ஊர் என்ன நினைக்கிறது என்பதைக் கணிக்கத் தொடங்குவார்.

8. கேள்விக்கொத்து கடைசியில்

இதில் அதிகம் மினக்கெட வேண்டாம். மிஷேல் கெல்பான்ட் என்ற உளவியலாளரின் குழு 33 நாடுகளில் அளந்து 2011 இல் வெளியிட்ட ஆறு கேள்வி அளவை எடுக்கலாம். அதில் ஒரு கேள்வி எதிர்ப்பக்கமாகக் கேட்கப்பட்டது, கூட்டும் முன் அதைத் திருப்பிப் போட வேண்டும், இதைப் பலர் மறக்கிறார்கள். அந்த அளவு கேட்பது நாட்டில் ஒழுங்குகள் எவ்வளவு இறுக்கம் என்பதை. பதில் சொல்லும் ஆள் கடைப்பிடிக்கிறாரா என்பதை அது கேட்கவே இல்லை. இரண்டையும் ஒன்றாக எழுதாதீர்கள்.

9. கணக்கு: எண்களைச் சேர்த்துக் குழைக்காதீர்கள்

எண்ணிக்கை, கொட்டை, எதிர்பார்ப்பு, அபிப்பிராயம் நான்கும் நான்கு நிரல்கள். நான்கையும் கூட்டிச் சராசரி எடுத்து "ஒழுங்குச் சுட்டி" என்று பெயர் வைத்தால் எதுவும் விளங்காத ஒரு எண் கிடைக்கும்.

கொட்டையில் சராசரியை மட்டும் பார்க்க வேண்டாம். ஒரு ஊரில் 30 பேரும் ஆளுக்கு 20 கொட்டையை ஒழுங்கின்படி போட்டார்கள் என்று வைப்போம். இன்னொரு ஊரில் 20 பேர் 30ஐயும் போட்டார்கள், 10 பேர் ஒன்றுகூடப் போடவில்லை. இரண்டு ஊரின் சராசரியும் 20தான். முதல் ஊரில் எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டாவதில் ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. 0, 1 முதல் 29, 30 என்று மூன்று கூட்டமாகப் பிரித்து எண்ணிக்கையைக் காட்டுங்கள்.

பிறகு எதிர்பார்ப்பைப் பக்கத்தில் வையுங்கள். தான் 30ஐயும் ஒழுங்கின்படி போட்டுவிட்டு, மற்றவர்களில் பத்துக்கு இரண்டு பேர்தான் போடுவார்கள் என்று சொல்கிறவர்கள் நிறைய இருந்தால், அந்த ஊரில் ஆட்கள் ஒருவரையொருவர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். என் மனதுக்கு இந்த வேலை முழுவதிலும் பெறுமதியான கண்டுபிடிப்பு அதுதான், அது எந்தச் சராசரியிலும் தெரியாது.

40 பேரில் பாதி என்று வந்தால், பிழை எல்லை இரண்டு பக்கமும் ஏறக்குறைய நூற்றுக்கு 15. ஆகவே ஓர் ஊரில் நூற்றுக்கு 50, அடுத்த ஊரில் நூற்றுக்கு 60 என்று வந்ததை வித்தியாசம் என்று எழுத முடியாது.

10. ஒப்பிடும்போது, திரும்பிப் போகும்போது

தமிழ் ஊர் ஒன்று, முஸ்லிம் ஊர் ஒன்று எடுத்து "யார் ஒழுங்கானவர்கள்" என்று அட்டவணை போடும் ஆசை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாணவர்களுக்கு வரும். நான் அதை ஒருபோதும் செய்ய விடுவதில்லை. இரண்டு ஊரை வைத்துக்கொண்டு இரண்டு சமூகத்தைப் பற்றிப் பேச முடியாது, வீதியோரம், கடல்தொழில், வயல், வருமானம் எல்லாம் கூடவே மாறுகின்றன. அந்த அட்டவணை ஒருமுறை வெளியே போனால் என்ன பேச்சுக்குப் பயன்படும் என்று இங்கே வளர்ந்த எங்களுக்குத் தெரியும். ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே ஊருக்குள் ஒப்பிடுங்கள்: மறைவு இருந்தபோதும் இல்லாதபோதும், ஒழுங்கைச் சொன்னபோதும் சொல்லாதபோதும். ஒழுங்கை வாசிக்காமல் வெறும் காசுக் கணக்கை மட்டும் சொல்லிப் பத்துப் பேரிடம் செய்து பார்த்தாலே, மற்றவர்கள் விட்டுக்கொடுத்தது ஒழுங்குக்காகத்தானா என்று தெரிந்துவிடும்.

பெயர்ப் பட்டியல் எழுதவே வேண்டாம். இங்கே பெயர் எழுதிக்கொண்டு போன ஆட்களைப் பற்றி வயதானவர்களுக்கு நல்ல நினைவுகள் இல்லை. ஒப்புதலை வாய்மொழியாக வாங்கி, சாட்சியாக இலக்கத்தை மட்டும் குறியுங்கள். எதிர்பார்ப்புக் கேள்விக்கான 50 ரூபாவைக் கொடுக்கச் சொன்ன நாளில் திரும்பிப் போங்கள். இலக்கச் சீட்டைக் காட்டுகிறவருக்கு உறை. அன்றைக்குக் கிராம சேவகரோ நிர்வாகத்தில் ஒருவரோ "எங்கட ஊர் எப்படித் தம்பி?" என்று கட்டாயம் கேட்பார். மூன்று கூட்டத்தின் எண்ணிக்கையையும், ஊர் தன்னைப் பற்றி நினைத்த எண்ணிக்கையையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள்.